லாபம் உள்ளே, சேறு வெளியே!

ஐப்பசி மழை ஓர் இரவு முழுவதும் கொட்டி ஓய்ந்திருக்கிறது. காலை ஏழு மணி. சென்னை நகரத்தில் புதிதாக அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருக்கும் எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். தகரத் தட்டி வேலி தெரியும். வேலிக்கு நடுவே ஒரு வாசல் தெரியும். அந்த வாசலிலிருந்து இரண்டு பழுப்புக் கோடுகள் தார் ரோட்டில் இறங்கி, தெருமுனையில் வளைந்து, பெரிய ரோடு வரையில் போவதும் தெரியும். டிப்பர் லாரியின் சக்கரங்கள் இரவெல்லாம் இழுத்துவிட்டுப் போன கோடுகள் அவை. அந்தக் கோடுகளின் மேல்தான் வேலைக்குப் போகிற பெண் ஸ்கூட்டரில் வருகிறாள். பள்ளிக்கூடம் போகிற பையன் சைக்கிளில் வருகிறான். பால் கேன்களைக் கட்டிக்கொண்டு பால்காரர் வருகிறார்.

யாராவது ஒருவர் வழுக்கி விழுகிறார். உடனே நாலு பேர் ஓடிவந்து தூக்குகிறார்கள். நல்ல ஜனங்கள். ஆனால் அவர்கள் சொல்வது என்ன? "பார்த்து வரக் கூடாதா அம்மா?"

விழுந்தவள் பார்த்து வர வேண்டுமாம்! நடுரோட்டில் சேற்றைக் கொட்டியவர் பார்த்துச் செய்ய வேண்டியதில்லை. கொட்டவிட்டுச் சும்மா இருந்த அதிகாரி பார்க்க வேண்டியதில்லை. மழை பெய்தால் சேறாகத்தானே செய்யும் என்று எல்லோரும் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். இந்தச் சேறு வானத்திலிருந்து விழுந்தது போல, வருண பகவான் தலையில் பழியைப் போட்டுவிட்டு நடக்கிறோம்.

வருணன்மேல் குற்றமில்லை. தார் ரோட்டில் மழை பெய்தால் ரோடு நனையும்; சேறாகாது. சேறாவதற்கு மண் வேண்டும். அந்த மண்ணை யாரோ கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தவர் யார், அதனால் அவருக்கு மிச்சம் எவ்வளவு, நமக்கு நஷ்டம் எவ்வளவு என்பதை இன்று கணக்குப் பார்த்துவிடுவோம்.

பத்து சக்கரம், பத்து கிலோ

பத்து கிரவுண்டு மனை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிரவுண்டுக்கு 2,400 சதுர அடி வீதம் மொத்தம் 24,000 சதுர அடி. கார் நிறுத்துவதற்காகத் தரைக்குக் கீழே இரண்டு தளம் கட்ட 20 அடி ஆழம் தோண்டுகிறார்கள். எடுக்கும் மண் 4,80,000 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட் என்ற நம்மூர் வழக்குப்படி 4,800 யூனிட். பூமியில் அடைசலாய்க் கிடந்த மண் வெட்டி எடுத்ததும் உப்பும். கால் பங்கு கூடும் என்று வைத்தால் 6,000 யூனிட். பத்து சக்கர டிப்பர் ஒன்றில் 4 யூனிட் ஏற்றினால் 1,500 நடை.

ஈரமான குழிக்குள் இறங்கி ஏறும் லாரியின் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு கிலோ களிமண்ணாவது அப்பிக்கொள்ளாதா? பட்டைகளுக்கு நடுவில் கையை விட்டுப் பார்த்தவர்களுக்கு, இது குறைத்துச் சொன்ன கணக்கு என்று தெரியும். சக்கரத்துக்கு ஒரு கிலோ என்றால் நடைக்குப் பத்து கிலோ. 1,500 நடைக்கு 15,000 கிலோ. அதாவது 15 டன் மண் ஒரே ஒரு மனையின் வாசலிலிருந்து பொது ரோட்டுக்கு வந்து சேருகிறது. லாரியின் மேலிருந்து சிந்துவது தனி.

இது ஒரு கட்டிடத்தின் கணக்கு. சென்னையிலோ நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள மெட்ரோ ரயில் இரண்டாம் கட்ட வேலை, மழைநீர் வடிகால் வேலை, பாதாளச் சாக்கடை வேலை, மின்சாரக் கேபிள் வேலை என்று எத்தனை இடத்தில் மண்ணைக் கிளறியிருக்கிறோம்! அத்தனையும் ஊருக்கு வேண்டிய வேலைகள்தான். ரயில் வேண்டும், வடிகால் வேண்டும், வீடு வேண்டும். வேலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வேலையின் செலவை யார் தலையில் கட்டுவது என்பதுதான் கேள்வி.

சேறு போகும் பாதை

ரோட்டுக்கு வந்த மண் மூன்று அவதாரம் எடுக்கிறது.

ஈரமாக இருக்கும்போது அது வழுக்கல். டயருக்கும் தாருக்கும் நடுவே ஒரு பசைப் படலமாக நின்று, டயர் தாரைப் பற்ற விடாமல் செய்கிறது. உராய்வு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால், பிரேக் பிடித்த வண்டி நிற்கும் தூரம் மூன்று மடங்காகும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, நல்ல தார் ரோட்டில் பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஒன்பது மீட்டருக்குள் நின்றுவிடலாம். அதே வண்டி களிமண் படிந்த ரோட்டில் இருபத்தைந்து மீட்டர்கூட ஓடிவிடும். நாலு சக்கரக் காருக்கு இது ஓர் அதிர்ச்சியோடு போகும். இரண்டு சக்கர வண்டிக்காரருக்கோ, பின்னால் வரும் பஸ்ஸின் சக்கரத்தில் போய் முடியும். காரில் போகிறவருக்கும் ஸ்கூட்டரில் போகிறவருக்கும் ஒரே ரோடுதான். ஆனால் ஆபத்து ஒன்றல்ல.

வெயில் ஏறி உலர்ந்ததும் அது தூசு. பஸ்ஸும் லாரியும் அதை அரைத்து அரைத்து மாவாக்குகின்றன. காற்றில் மிதந்து மூச்சோடு உள்ளே போகும் நுண்துகள், ஒரு கன மீட்டர் காற்றில் இருபத்து நாலு மணி நேரச் சராசரியாக 100 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று 2009இல் நம் நாட்டுச் சர்க்கார் வரம்பு கட்டியது. வரம்பு காகிதத்தில் இருக்கிறது; தூசு தெருவில் இருக்கிறது. அதைத் தின்கிறவர்கள் யார்? கண்ணாடி ஏற்றிய காருக்குள் உட்கார்ந்திருப்பவர்களா? ரோட்டோரத்தில் இட்லி சுடும் அம்மாள், பூக்கட்டும் பெண், டிராபிக் போலீஸ்காரர், ஆட்டோ டிரைவர், கட்டிட வேலை செய்யும் சித்தாள். இவர்கள்தான்.

அடுத்த மழையில் அது வண்டல். மண்ணில் மணல் உண்டு, களியும் உண்டு. ஒரு மீட்டர் ஆழமுள்ள அசையாத தண்ணீரில் நுண்மணல் துகள் இரண்டு நிமிஷத்தில் அடியில் போய் உட்கார்ந்துவிடும். களிமண்ணின் மிக நுண்ணிய துகள் அதே ஒரு மீட்டர் இறங்க ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். ஆகையால் மணல் முதல் வடிகாலிலேயே தங்கி, வாயை அடைக்கிறது. களியோ கூவத்துக்கும், அடையாற்றுக்கும், பக்கிங்ஹாம் கால்வாய்க்கும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் பிரயாணம் செய்கிறது. அந்தச் சதுப்பு நிலம் உலக முக்கியத்துவம் பெற்ற ராம்சார் ஈரநிலமாக 2022இல் அறிவிக்கப்பட்டது என்று பெருமைப்படுகிறோம். பெருமை ஒரு பக்கம், தெருச் சேற்றை அங்கே அனுப்புவது மறு பக்கம்!

2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் சென்னை மக்கள் மறக்கவில்லை. அந்த வெள்ளங்களுக்குக் காரணம் பல. ஏரி போனது, ஆற்றங்கரை போனது, பெருமழை பெய்தது. ஆனால் எட்டு சென்டிமீட்டர் மழைக்கே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிற தெருவில், வடிகால் மூடியைத் தூக்கிப் பாருங்கள். பாதிக் குழாய்க்கு மண் இருக்கும். அதைத் தூர் வார ஒவ்வொரு ஆண்டும் மழைக்கு முன்னால் டெண்டர். வாரிய மண்ணை வடிகாலின் ஓரத்திலேயே குவித்து வைக்கிறார்கள்; எடுத்துப் போகும் லாரி வருவதற்குள் மழை வந்துவிடுகிறது; குவித்த மண் மறுபடி உள்ளே போகிறது. தோண்டுவதற்கு ஒரு காண்ட்ராக்ட், பெருக்குவதற்கு ஒரு காண்ட்ராக்ட், தூர் வார ஒரு காண்ட்ராக்ட். ஒரே மண்ணுக்கு எத்தனை காண்ட்ராக்ட்! முதல் காண்ட்ராக்டர் தன் வாசலில் செய்திருக்க வேண்டிய வேலையை அவர் செய்யாததால், பின்னிரண்டுக்கும் வரிப்பணத்தை நாம் கொடுக்கிறோம்.

வாருகிற கை

சென்ற மழைக்காலத்தில் நான் கண்டதைச் சொல்லுகிறேன். ஒரு கட்டிட வாசலுக்கு எதிரே துப்புரவுத் தொழிலாளிப் பெண் ஒருவர் சேற்றை மண்வெட்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார். ஈரக் களி துடைப்பத்துக்கு வராது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு கூடை எடுத்தால் கல் எடுத்தது போல் கனக்கும்.

"தினமும் இதே வேலையா அம்மா?" என்றேன்.

"நேத்து வாரினதும் இங்கேதான் சார், நாளைக்கு வாரப்போறதும் இங்கேதான். ராத்திரி லாரி வரும், காலையில நான் வருவேன்" என்றார். கொஞ்சம் நின்று, "இதை வாரிட்டுத்தான் என் தெருவுக்கே போவணும். அங்கே குப்பை கிடக்குதுன்னு மேஸ்திரி என்னைத்தான் திட்டுவாரு" என்றும் சொன்னார்.

அந்த அம்மாளின் கூலியில் இந்தச் சேறு சேர்ந்திருக்கிறதா? இல்லை. கட்டிட முதலாளியின் செலவுக் கணக்கில் இருக்கிறதா? அதிலும் இல்லை. யார் கணக்கிலும் இல்லாத வேலையைத் தன் முதுகெலும்பால் செய்துகொண்டிருக்கிறார் அவர். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் இரவும் பகலும் உட்கார்ந்து, எங்கள் வேலையைத் தனியாருக்கு விடாதே என்று போராடினார்களே, அந்தக் கைகள்தான் இந்தச் சேற்றையும் வாருகின்றன. தனியார் கொட்டிய சேற்றை இலவசமாக வாரவும் அவர்கள் வேண்டும். வேலை நிரந்தரம் கேட்டால் மட்டும் வேண்டாம்!

சட்டம் தூங்குகிறதா?

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். பொது வழியில் ஆபத்தோ தடையோ உண்டாக்குவது குற்றம் என்று 1860ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 283ஆம் பிரிவே சொன்னது. அபராதம் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 200 ரூபாய். வெள்ளைக்காரன் எழுதிய அந்த 200 ரூபாய், கொடி மாறி எழுபது வருஷங்களுக்கு மேலாகியும் 200 ரூபாயாகவே இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 285ஆம் பிரிவில் அது 5,000 ரூபாயாக உயர்ந்தது. கோடிக் கணக்கில் புரளும் கட்டிட வியாபாரத்தில் ஐயாயிரம் என்பது தேநீர்ச் செலவு!

2016இல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த கட்டுமான, இடிபாட்டுக் கழிவு விதிகள், கழிவைப் போக்குவரத்துக்கும் பொதுமக்களுக்கும் வடிகாலுக்கும் தடையாகும்படி போடக் கூடாது என்றன. அவற்றின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும்படி புதிய விதிகள் 2025இல் அறிவிக்கப்பட்டன. நடுவில் 2018 ஜனவரியில் தூசு தடுப்புக்கென்றே தனி அறிவிக்கை வந்தது. காற்றில் நுண்துகள் வரம்பு மீறிய ஊர்களில், கட்டிட இடத்துக்குப் போகும் பாதை கெட்டிப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். தளர்ந்த மண்ணை மூடாமல் போடக் கூடாது. மூடாத வண்டியில் மண் ஏற்றக் கூடாது என்று அது விரலை மடக்கிச் சொல்லிற்று.

விதிக்குக் குறைவில்லை. வாசலில் வந்து நின்று, "சக்கரத்தைக் காட்டு" என்று கேட்கிற ஆள்தான் இல்லை. கேட்க வருகிற ஒன்றிரண்டு பேரும் மாமூலோடு திரும்புகிறார்கள் என்ற பேச்சு ஊரில் இருக்கிறது. ஆட்சிகள் மாறுகின்றன, மேயர்கள் மாறுகிறார்கள், வாசலில் சேறு மட்டும் மாறவில்லை.

மூன்று யூனிட் ஜல்லி

இதைத் தடுப்பதற்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டுமோ என்று யாரும் பயப்பட வேண்டாம். லாரி வெளியேறும் வழியில் 50 அடி நீளம், 12 அடி அகலம், அரை அடி கனத்துக்குப் பெரிய கருங்கல் ஜல்லியைப் பரப்ப வேண்டும். ஜல்லி மண்ணில் புதையாமலிருக்க அடியில் ஒரு கெட்டித் துணி விரிக்க வேண்டும். அதன்மேல் லாரி மெதுவாக உருண்டால், கற்கள் டயரைப் பிதுக்கிச் சேற்றை உதிர்த்துவிடும். மிச்சத்தைக் குழாய்த் தண்ணீர் கழுவும். கழுவிய நீர் இரண்டு மூன்று தொட்டிகளில் நின்று தெளிந்தால், அதையே திருப்பிக் கழுவ எடுத்துக்கொள்ளலாம். தொட்டியில் படிந்த மண்ணை, எப்படியும் மண் ஏற்றப் போகிற லாரியிலேயே ஏற்றிவிடலாம்.

அந்த ஜல்லிப் படுகைக்கு ஆகும் கல் எவ்வளவு? 300 கன அடி. அதாவது மூன்று யூனிட். 6,000 யூனிட் மண்ணை அள்ளி, பல கோடிக்கு வீடு விற்கப்போகிறவருக்கு, மூன்று யூனிட் ஜல்லி கட்டுப்படியாகாதாம்! வேலை முடிந்த பிறகு அந்தக் கல்லும் வீணாவதில்லை. கட்டிடத்துப் பாதைக்கே உதவும்.

"தண்ணீருக்கு எங்கே போவது?" என்பார்கள். அஸ்திவாரக் குழியில் ஊறும் தண்ணீரை இரவு பகலாகப் பம்பு வைத்து இறைத்துத் தெருவில் விடுகிறீர்களே ஐயா, அதற்கு எங்கே போனீர்கள்? "இடமில்லை" என்பார்கள். குறுகிய மனையில் ஓர் இரும்புச் சட்டப் பலகையும், குழாயோடு ஓர் ஆளும் போதும். "வேலை தாமதமாகும்" என்பார்கள். ஒரு லாரிக்கு இரண்டு மூன்று நிமிஷம். அந்த மூன்று நிமிஷத்தை மிச்சப்படுத்தித்தான், ஆயிரம் பேரின் காலை நேரத்தைச் சேற்றில் மாட்டுகிறார்கள்.

கடலுக்கு அப்பால் அதே கை

சிங்கப்பூரில் லாரி சேற்றுச் சக்கரத்தோடு ரோட்டில் இறங்கினால் அது தண்டனைக்குரிய குற்றம். கட்டிட இடத்திலிருந்து வடிகாலில் விழும் நீரில் ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மிதக்கும் மண் இருக்கக் கூடாது என்பது அங்கே விதி. அமெரிக்காவில், ஒரு ஏக்கரும் அதற்கு மேலும் மண்ணைக் கிளறும் வேலைகளுக்கான மத்திய அனுமதி விதிகள், ரோட்டுக்கு வந்துவிட்ட மண்ணை அன்றைய வேலை முடிவதற்குள் அகற்றிவிட வேண்டும் என்கின்றன. அதைத் தண்ணீர் அடித்து வடிகாலில் தள்ளவும் கூடாது.

சிங்கப்பூரில் அந்தச் சக்கரத்தைக் கழுவுகிறவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர்! புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் கடன் வாங்கி விமானம் ஏறிய பிள்ளைகள் அங்கே குழாயைப் பிடித்து நிற்கிறார்கள். அந்த ஊர் தொழிலாளிக்குச் சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. அவர்கள் படும் பாடு தனிக் கதை. ஆனால் ஒன்று நிச்சயம். தமிழனுக்குச் சுத்தம் தெரியாது, நம் ஜனங்களுக்கு ஒழுங்கு வராது என்று மேடை ஏறிப் பேசும் கனவான்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதே தமிழன், அதே கை, அதே லாரிச் சக்கரம். அங்கே கழுவாமல் விட்டால் முதலாளிக்கு நஷ்டம். ஆகவே கழுவச் சொல்கிறான். இங்கே கழுவாமல் விட்டால் முதலாளிக்கு லாபம். ஆகவே விட்டுவிடு என்கிறான். வித்தியாசம் ரத்தத்தில் இல்லை, ரசீதில் இருக்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, பெரிய மனைக்குக் கட்டிட அனுமதி கொடுக்கும்போதே வாசலில் ஜல்லிப் படுகையும் கழுவு தொட்டியும் நிபந்தனையாக வேண்டும். அதற்கு ஒரு டிபாசிட் தொகையும் வாங்கிக்கொள்ள வேண்டும். சேறு வெளியே வந்தால், மாநகராட்சி சுத்தம் செய்து, செலவை அந்தத் தொகையில் கழிக்கட்டும்.

இரண்டாவது, சர்க்கார் வேலைகளுக்கும் இது பொருந்த வேண்டும். சர்க்கார் தோண்டினால் சேறு சந்தனமாகிவிடாது. ஒப்பந்தத்தில் இதைத் தனி இனமாக எழுதி, எம்-புக்கில் இஞ்சினீயர் அளந்து எழுதின பிறகே பில் பாஸாக வேண்டும். தனி இனமாக எழுதாவிட்டால், குறைந்த விலைக்கு டெண்டர் எடுத்தவர் முதலில் வெட்டுவது இதைத்தான்.

மூன்றாவது, ரோட்டில் விழுந்த மண்ணை அன்றன்றே கட்டிட முதலாளியின் ஆட்கள் மண்வெட்டியால் வாரி உள்ளே கொண்டுபோக வேண்டும். துப்புரவுத் தொழிலாளி தலையில் அதைச் சுமத்தக் கூடாது. கட்டிடத்துக்கு எதிரேயுள்ள வடிகாலைத் தூர் வாரிக் காட்டினால்தான் பணி நிறைவுச் சான்று என்று ஆக்க வேண்டும்.

நாலாவது, அபராதத்தை லாரி டிரைவர்மேல் போட்டுத் தப்பித்துக்கொள்ளக் கூடாது. அவர் நடைக்குக் கூலி வாங்குகிறவர். கழுவ இடமும் தண்ணீரும் நேரமும் கொடுக்காமல், "ஏன் கழுவவில்லை?" என்று அவரைப் பிடிப்பது நியாயமா? பிடிக்க வேண்டிய கை வாசலுக்கு உள்ளே இருக்கிறது. அதேபோல, ஒரு கிரவுண்டில் கடன் வாங்கிச் சொந்த வீடு கட்டும் ஆசிரியரையும் குமாஸ்தாவையும் கசக்கிப் பிழிந்து கணக்குக் காட்டவும் கூடாது. தெருவில் கொட்டிய மணலைத் தார்ப்பாயால் மூடு, ஓரத்தை வாரு என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தாலே கேட்பார்.

இவற்றை யார் கேட்பது? வார்டு கமிட்டியும் ஏரியா சபையும் எதற்காக இருக்கின்றன? நமது தோழர்கள் அங்கே போய் முதல் பேச்சாக இதைப் பேச வேண்டும். எந்தத் தெருவில், எந்த வாசலில், எந்தத் தேதியில் சேறு வந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பதில் வரும்வரை விடக் கூடாது.

அடுத்த மழை வரும். அந்தத் தகர வேலி வாசலிலிருந்து லாரி கிளம்பும். அதற்கு முன்னால் மூன்று யூனிட் ஜல்லியைக் கொட்டு என்று கேட்போம். கொட்டினால் நல்லது. கொட்டாவிட்டால், விழுந்து எழுந்த பெண்ணும், சேற்றை வாரும் அம்மாளும், தூசு தின்னும் இட்லிக் கடைக்காரரும், நாமும் சேர்ந்து அந்த வாசலில் போய் நிற்போம். அப்போது லாரி நிற்கும். முதலாளியே வெளியே வருவார். ரோட்டில் இறங்கி அந்தச் சேற்றில் அவரும் கொஞ்சம் நடந்து பார்க்கட்டும்!